எபாக்சியில் கல்மாவு: எதை, எவ்வளவு, எப்படிச் சேர்ப்பது

எபாக்சி வார்ப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "கிலோவுக்கு எவ்வளவு பவுடர் போடலாம்?" ரெசின் (எபாக்சியின் திரவப் பிசின்; ஹார்டனர் சேர்த்தால் கெட்டியாகும்) விலை அதிகம், கல்மாவு மலிவு. அதனால் அந்தக் கேள்வி இயல்பானதுதான். ஆனால் விலையை மட்டும் பார்த்துத் தூளைக் கொட்டிய வார்ப்புகள் ஆறு மாதத்தில் செப்பு டெர்மினலைச் சுற்றி விரிசல் விட்டுத் திரும்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றுள் நான் வார்த்தவையும் உண்டு. தூள் சேர்த்தால் எபாக்சி வேறொரு பொருளாகவே மாறிவிடுகிறது. அந்த மாற்றம் நம் கையில் இருக்க வேண்டுமானால், எடையை விட்டுவிட்டுக் கனஅளவில் யோசிக்கவும், தூளும் ரெசினும் தொட்டுக்கொள்ளும் பரப்பைக் கவனிக்கவும் பழக வேண்டும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: உள்ளே செப்புக் கம்பி பதிந்த ஒரு மின்காப்பு வார்ப்பு. கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், பஸ்பார் (மின்சாரம் கொண்டுசெல்லும் தடித்த உலோகப் பட்டை) தாங்கி போன்றவை இந்த வகைதான். தரைப் பூச்சு, எந்திர அடித்தளம், ஒட்டுப்பசை செய்பவர்களுக்கும் கணக்கு இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

படி 1: எந்தக் குணத்துக்காகச் சேர்க்கிறீர்கள்?

தூள் சேர்க்காத, கெட்டியான சாதாரண பிஸ்பீனால்-ஏ எபாக்சியின் குணங்கள் ஏறக்குறைய இவை: விறைப்பு (யங் குணகம்) 3 கிகாபாஸ்கல், இழுவிசை வலிமை 60 முதல் 80 மெகாபாஸ்கல், வெப்ப விரிவு ஒரு டிகிரிக்கு மில்லியனில் 60 பங்கு, வெப்பக் கடத்தல் மீட்டர்-கெல்வினுக்கு 0.2 வாட். இதில் எதை மாற்ற வேண்டும் என்று தாளில் எழுதிவிட்டுத்தான் தூளைத் தேட வேண்டும். ஒரே தூள் எல்லாவற்றையும் நல்ல பக்கம் நகர்த்துவதில்லை.

மின்காப்பு வார்ப்பில் முதலிடம் குவார்ட்ஸ் தூளுக்கு. ஊர்ப்பக்கம் வெங்கச்சங்கல் என்று சொல்வோமே, அதை அரைத்த மாவுதான். அடர்த்தி 2.65. வெப்ப விரிவு 12-ஐ ஒட்டி வரும், வெப்பத்தையும் நன்றாகக் கடத்தும், பெரும்பாலான அமிலங்களுக்கும் அசையாது. குறை அதன் கடினம். மோஸ் அளவில் 7 என்பதால் பம்பையும் கலக்கியின் இறக்கையையும் தேய்த்துவிடும். வார்ப்பைத் துளையிட சாதாரண டிரில் பிட் நிற்காது, கார்பைடு அல்லது வைரப் பிட் வேண்டும்.

அதே சிலிக்காவை உருக்கிக் கண்ணாடியாக்கினால் கிடைப்பது ஃபியூஸ்டு சிலிக்கா. அடர்த்தி 2.2, வெப்ப விரிவு வெறும் 0.5. கணிப்பொறிச் சில்லுகளை மூடும் கறுப்பு எபாக்சியில் எடையில் 80 முதல் 90 சதவீதம் வரை இதுதான் இருக்கிறது, ஏனென்றால் சிலிக்கான் சில்லு வெப்பத்தில் அதிகம் விரியாது. விலை கூடுதல். பெரிய வார்ப்புக்குத் தேவையில்லை.

அலுமினா (அடர்த்தி 3.95, மோஸ் 9) வெப்பக் கடத்தலில் இன்னும் மேல். அது கட்டாயமாகும் ஓர் இடம் உண்டு: எஸ்.எஃப்.6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) வாயு நிரப்பிய சுவிட்ச்கியர், அதாவது உயர் மின்னழுத்த இணைப்புக் கருவி. அங்கே மின்வில் எரியும்போது வாயு சிதைந்து, ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டாகிறது. அது சிலிக்காவை அரிக்கும். அதனால்தான் அந்த இன்சுலேட்டர்களில் குவார்ட்ஸை விட்டு அலுமினாவுக்குப் போகிறார்கள். "மலிவான தூளையே போட்டால் என்ன?" என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் இந்த உதாரணம்தான்.

தீ பிடிக்கக்கூடாது என்றால் அலுமினியம் டிரைஹைட்ரேட். சுமார் 200 டிகிரியைத் தாண்டியதும் தன் எடையில் 34.6 சதவீதத்தை நீராவியாக விட்டு, வெப்பத்தை உறிஞ்சி, தீயை அடக்குகிறது. மின்தடம் பதிவதையும் (மேற்பரப்பில் மின்சாரம் கருகல் கோடு போட்டுக் கசிவதையும்) எதிர்க்கிறது. வார்ப்பே 200 டிகிரியில் வேலை செய்ய வேண்டுமென்றால் இது உதவாது.

சுண்ணாம்புக்கல் தூள் (கால்சியம் கார்பனேட், 2.71) மென்மையானது, மலிவானது, கருவியைத் தேய்க்காது. ஆனால் அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். பேட்டரி அறைத் தரையில் இதைப் போட்டுவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் உண்டு. மாக்கல் தூளும் காக்காப்பொன் எனும் மைக்காவும் தகடு தகடாக இருப்பவை. ஈரமும் வாயுவும் நேராக ஊடுருவ முடியாமல் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் பூச்சுகளுக்கு ஏற்றவை. ஊசி வடிவ வோலாஸ்டோனைட் (நம் நாட்டில் ராஜஸ்தானில் கிடைக்கிறது) விறைப்பைக் கூட்டுவதில் உருண்டைத் துகளை விஞ்சும். ஆனால் ஊற்றும் திசையிலேயே ஊசிகள் படுத்துக்கொள்வதால் ஒரு திசையில் ஒரு குணம், மறு திசையில் வேறு குணம் என்று ஆகும். பாரைட்டு 4.5 அடர்த்தி கொண்டது. எடையும் கதிர்வீச்சுத் தடுப்பும் வேண்டுகிற இடத்துக்கு மட்டும்.

நம் உதாரணத்துக்குக் குவார்ட்ஸ். தேவை இரண்டு: செப்போடு வெப்ப விரிவில் நெருங்க வேண்டும், உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வேண்டும்.

படி 2: கனஅளவுக் கணக்கு

தராசில் எடைதான் தெரியும். வார்ப்பின் குணத்தையோ தூள் அடைத்துக்கொள்ளும் இடம் தீர்மானிக்கிறது. கலவையின் எடையில் 60 சதவீதம் தூள் என்று வைத்தால், குவார்ட்ஸ் என்றால் கனஅளவில் 40 சதவீதம். அதே 60 சதவீதம் பாரைட்டு என்றால் 29 சதவீதம்தான். "அறுபது போட்டேன்" என்பதில் ஒன்றுமே தெரிவதில்லை.

நம் வார்ப்புக்கு 40 சதவீதக் கனஅளவை இலக்காக வைக்கிறேன். ரெசின் 1000 கிராம். எபாக்சிச் சமான எடை (ஒரு மோல் எபாக்சித் தொகுதி அடங்கிய ரெசினின் கிராம் எடை) 188 உள்ள இந்த ரெசினுக்கு மெத்தில் டெட்ராஹைட்ரோ தாலிக் அன்ஹைட்ரைடு ஹார்டனர் 800 கிராம், வேகமூக்கி (வினையை விரைவாக்கும் பொருள்) 10 கிராம். மொத்தம் 1810 கிராம். கெட்டியான பிறகு அடர்த்தி 1.2 என்று கொண்டால் கனஅளவு 1508 கன செ.மீ. இது மொத்தத்தில் 60 சதவீதம் என்றால், மீதி 40 சதவீதம் 1005 கன செ.மீ. அதை 2.65 ஆல் பெருக்கினால் குவார்ட்ஸ் 2664 கிராம். எடையில் 59.5 சதவீதம்.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறு: ஹார்டனரை ரெசினும் தூளும் சேர்ந்த மொத்த எடைக்குக் கணக்கிடுவது. கல் ஹார்டனரோடு வினை புரிவதில்லை. ரெசின் எடைக்கு மட்டும்தான் ஹார்டனர். முன்கூட்டியே தூள் கலந்த ரெசினை வாங்குபவர்கள், அதில் உண்மையான ரெசின் எவ்வளவு என்று தரவுத்தாளில் பார்த்தாக வேண்டும். இது தவறினால் வார்ப்பு ஒட்டும் பிசினாகவே நிற்கும், இல்லையென்றால் கண்ணாடி மாற்றநிலை வெப்பம் (கெட்டியான எபாக்சி இளகத் தொடங்கும் வெப்பநிலை) இறங்கிப்போகும்.

சேமிப்பையும் கனஅளவிலேயே பாருங்கள். தூளில்லாத ஒரு லிட்டர் வார்ப்பு 1.2 கிலோ ரெசின் கேட்கும். இந்தக் கலவையில் ஒரு லிட்டரின் எடை 1.78 கிலோ, அதில் ரெசின் 0.72 கிலோ. நிரப்புவது மோல்டின் கொள்ளளவை என்பதால், கிலோ விலையை ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம்.

படி 3: மெஷ்ஷும் பாகுநிலையும்

தூள் கூடக் கூடக் கலவை கெட்டிப்படும். அது நேர்கோட்டில் ஏறுவதில்லை. ஒரே அளவு உருண்டைகளை எப்படிக் குலுக்கி அடைத்தாலும் சுமார் 64 சதவீத இடத்தைத்தான் அவை நிரப்பும். அந்த எல்லையை நெருங்கும்போது பாகுநிலை (ஓட மறுக்கும் தன்மை) சுவர்போல் எழும். தூள் அளவிலிருந்து பாகுநிலையைக் கணிக்கும் கிரீகர்-டோகர்ட்டி சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால், 20 சதவீதக் கனஅளவில் வெறும் ரெசினைப் போல் 1.8 மடங்கு, 40-இல் 4.8 மடங்கு, 50-இல் 11 மடங்கு, 55-இல் 23 மடங்கு. கடைசி ஐந்து சதவீதத்தில் பாகுநிலை இரட்டிப்பாகிறது! கோணல்மாணலான அரைத்த கல்லுக்கு எல்லை 64-க்கும் கீழே என்பதால் நிலைமை இன்னும் மோசம்.

இதைத் தளர்த்த வழி, இரண்டு அளவுத் தூளைக் கலப்பது. கருங்கல் ஜல்லியின் இடைவெளியில் மணல் புகுவது போலப் பெரிய துகள்களின் சந்தில் சிறியவை உட்கார்ந்துகொள்ளும். விட்டத்தில் ஏழு முதல் பத்து மடங்கு வித்தியாசம் இருக்க வேண்டும். பெரியது 70, சிறியது 30 என்ற பங்கில் தொடங்கிப் பார்க்கலாம். கலவை இட்லி மாவு பதத்தில் இருந்தால் மோல்டின் மூலைக்கெல்லாம் போகும். பஜ்ஜி மாவு பதத்தைத் தாண்டினால் காற்றுக்குமிழி வெளியேறாது.

மிகப் பொடியான தூளும் ஆபத்துதான். பரப்பு பெருகுவதால் ரெசினை உறிஞ்சிக்கொள்ளும். கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்புள்ள ஃபியூம்டு சிலிக்காவை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு போட்டாலே ரெசின் வழியாமல் நிற்கும். செங்குத்துச் சுவரில் பூசுபவர்களுக்கு அது வரம். வார்ப்புக்கு இடைஞ்சல்.

பெருந்தூளுக்கு வேறு சிக்கல்: பாயசத்து ஜவ்வரிசி மாதிரி அடியில் தங்கும். ஸ்டோக்ஸ் விதிப்படி, பாகுநிலை 1 பாஸ்கல்-நொடி உள்ள ரெசினில் 20 மைக்ரான் குவார்ட்ஸ் மணிக்கு 1.2 மி.மீ. இறங்கும். 50 மைக்ரான் துகள் 7 மி.மீ. இறங்கும். துகள்கள் நெருக்கமாக இருந்தால் வேகம் குறையும், ஆனால் நிற்காது. சூடாக்கினால் ரெசின் தண்ணியாகி வேகம் பல மடங்காகும். நம் வார்ப்புக்கு 325 மெஷ் சல்லடையில் (45 மைக்ரான்) முழுதும் கடந்த தூள் போதும்.

படி 4: பரப்பைத் தயார் செய்தல்

என் அனுபவத்தில் வார்ப்புக்கு ஆயுள் கூடுவதும் குறைவதும் இந்தப் படியில்தான். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

விறைப்பு தூளின் அளவைப் பொறுத்து ஏறும். கலவையின் விறைப்பைக் கணிக்கும் ஹால்பின்-ட்சாய் கணக்குப்படி 40 சதவீதக் குவார்ட்ஸில் 3 கிகாபாஸ்கல் 8-ஐத் தொடும். நடைமுறையில் 8 முதல் 12 வரை பார்க்கலாம். இதற்குத் துகள் ரெசினோடு நன்றாக ஒட்டியே ஆக வேண்டும் என்றில்லை. இழுவிசை வலிமை அப்படியல்ல. ஒட்டாத துகள், சுமையின் கீழ் ஒரு வெற்றிடம். அங்கிருந்து விரிசல் தொடங்கும். அதே தூள், அதே அளவு, ஒட்டுதல் மட்டும் மோசம் என்றால் வலிமை தூளில்லாத ரெசினுக்கும் கீழே போகும். ஈரமும் அந்தப் பரப்பு வழியேதான் ஊர்ந்து உள்ளே போகும். மின்காப்பு வார்ப்புக்கு அது விஷம்.

ஒட்டுதலுக்குச் சிலேன். ஒரு முனை சிலிக்காப் பரப்பைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை எபாக்சியோடு வினை புரியும். நமக்கு ஏற்றது கிளைசிடாக்சி புரோபில் டிரைமெத்தாக்சி சிலேன். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு: தூளின் எடையை அதன் பரப்பால் பெருக்கி, ஒரு கிராம் சிலேன் மூடக்கூடிய பரப்பான சுமார் 330 சதுர மீட்டரால் வகுக்க வேண்டும். கிராமுக்கு 2 சதுர மீட்டர் பரப்புள்ள நம் 2664 கிராம் தூளுக்கு 16 கிராம். ஆல்கஹாலில் சிறிது நீர் சேர்த்து, அசெட்டிக் அமிலத்தால் பி.எச். 4 முதல் 5-க்குள் கொண்டுவந்து, சிலேனைக் கலந்து, தூளில் தெளித்துக் கிளறி, ஆல்கஹால் ஆவியான பிறகு 110 டிகிரியில் காய வையுங்கள். ஏற்கெனவே சிலேன் பூசிய குவார்ட்ஸ் மாவும் விற்பனைக்கு உண்டு. வாய்ப்பிருந்தால் அதையே வாங்குங்கள். சுண்ணாம்புக்கல் தூளில் சிலேன் சரியாகப் பிடிக்காது. அதற்கு ஸ்டியரிக் அமிலப் பூச்சு வழக்கம். அது கலப்பதற்குச் சுலபமாக்கும், வலிமையைக் கூட்டாது.

பூசிய தூளோ பூசாத தூளோ, வார்ப்பதற்கு முன் 110 முதல் 120 டிகிரியில் நான்கு மணி நேரமாவது காய வேண்டும். ஈரம் அன்ஹைட்ரைடோடு சேர்ந்து அமிலமாகி ஹார்டனரைத் தின்றுவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் காற்றில் மூட்டையைத் திறந்து வைத்தால் போதும், காய வைத்ததெல்லாம் வீண். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ரெசினில் போடுவதே நல்லது. ஒன்றை நினைவில் வையுங்கள்: தூள் தானாகக் கண்ணாடி மாற்றநிலையைப் பெரிதாக மாற்றாது. அது 10, 15 டிகிரி இறங்கியிருந்தால் ஈரத்தையோ ஹார்டனர் அளவையோ சந்தேகியுங்கள்.

படி 5: கலப்பதும் ஊற்றுவதும், முதலில் மூச்சைக் காப்பதும்

குவார்ட்ஸ் மாவு சிலிகோசிஸ் நோயைத் தரும். மத்தியப் பிரதேசம் மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி செய்த தொழிலாளர்களின் நுரையீரலை இந்தத் தூசிதான் சிதைத்தது. அந்த நோய்க்கு மீட்பு கிடையாது. படிக சிலிக்காத் தூசியை 1997-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. நமது தொழிலாளர் சட்டத்தில் சிலிகோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். ஆகவே துணியை மூக்கில் கட்டிக்கொண்டு மூட்டை பிரிப்பதை உங்கள் பட்டறையில் அனுமதிக்காதீர்கள். முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 அல்லது அதற்கு மேற்பட்ட முகக்கவசம், தூசி உறிஞ்சி, ஈரத்துணியால் துடைத்தல். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. வார்ப்பைத் தேய்க்கும்போதும் வெட்டும்போதும் இதே விதி. ஹார்டனருக்கு நைட்ரைல் கையுறை.

ரெசினை 60 டிகிரிக்குச் சூடாக்கி, தூளை மூன்று நான்கு தவணையாகச் சேருங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே உலர்ந்த கட்டி நிற்கும். முதலில் ரெசினும் தூளும் வாக்குவத்தில் (1 முதல் 5 மில்லிபார்) அரை மணி நேரம் கிளறப்பட வேண்டும். நுரை பொங்குமாதலால் கலவையைப் போல் மூன்று மடங்கு கொள்ளும் பாத்திரம் தேவை. பிறகு ஹார்டனர், கடைசியில் வேகமூக்கி, மறுபடி வாக்குவம். சூடான மோல்டில், அடியிலிருந்து மேலேறும்படி மெல்லிய தாரையாக விடுங்கள். உள்ளே நின்றுபோகும் ஒரு குமிழி உயர் மின்னழுத்தத்தில் பகுதி மின்னிறக்கத்தை (குமிழிக்குள் மட்டும் நிகழும் சிறு மின்பொறிகளை) தொடங்கி, வருடக்கணக்கில் காப்பைத் தின்றுகொண்டே இருக்கும்.

படி 6: வேகவைப்பதும் விரிசலும்

80 டிகிரியில் ஆறு மணி நேரம் உறைய விட்டு, பிறகு 130-இல் பத்து மணி நேரம். தூள் இருப்பதால் வினைச்சூடு குறைந்து, உறையும்போது சுருங்குவதும் குறையும். ஆறவைப்பதுதான் சோதனை. மணிக்கு பத்து டிகிரிக்கு மேல் இறக்காதீர்கள்.

செப்பின் விரிவு 17. வெறும் எபாக்சி 60, நம் கலவை ஏறக்குறைய 35. 100 மி.மீ. நீளச் செப்புக் கம்பியைச் சுற்றி 130-இலிருந்து 30 டிகிரிக்கு இறங்கும்போது, வெறும் எபாக்சியில் பொருந்தாமை 0.43 மி.மீ., தூள் கலந்ததில் 0.18 மி.மீ. பாதிக்கும் கீழே வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடலாம். ஆனால் தகைவை (பொருளுக்குள் ஏறும் இழுப்பை) கணக்கிடுங்கள். வெறும் எபாக்சி: 3 கிகாபாஸ்கலை 0.0043 ஆல் பெருக்கினால் 13 மெகாபாஸ்கல். தூள் கலந்தது: 10 கிகாபாஸ்கல், 0.0018, ஆக 18 மெகாபாஸ்கல். பொருந்தாமை குறைந்தும் தகைவு ஏறிவிட்டது! விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடியதன் விலை இது. முறியும் முன் நீளும் திறனும் வெகுவாகக் குறைந்து ஒரு சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

பிறகு ஏன் தூள் கலந்த வார்ப்பு தாக்குப்பிடிக்கிறது? ஓடுகிற விரிசல் துகள்களில் மாட்டிக்கொள்வதால். இரண்டு துகள்களுக்கு நடுவே விரிசலின் முனை வில்லாக வளைந்து, மேலே நகரக் கூடுதல் ஆற்றல் கேட்கிறது. 1970-இல் லாங்கே விளக்கிய வழிமுறை இது. வெறும் எபாக்சியின் முறிவுத் திண்மை (விரிசல் ஓடுவதை எதிர்க்கும் திறன்) 0.6 முதல் 0.8 மெகாபாஸ்கல் வர்க்கமூல மீட்டர் என்றால், குவார்ட்ஸ் நிறைந்ததில் அது இரு மடங்குக்கு மேல் வரும். தகைவு நாற்பது சதவீதம் ஏறினாலும் எதிர்ப்புத் திறன் அதைவிட அதிகம் ஏறுகிறது. வெப்பக் கடத்தலும் 0.2-இலிருந்து 0.8-ஐ எட்டுவதால், வார்ப்புக்குள் ஓரிடம் சூடு, ஓரிடம் குளிர் என்ற வேறுபாடு தணிகிறது.

தூளைச் சேர்த்துவிட்டோம், விரிசல் வராது என்று இருந்துவிட முடியாது என்பதும் இதே கணக்கிலிருந்து வருகிறது. செப்பின் கூர்முனைகளை அரைத்து உருட்டுங்கள். செப்பின் மேல் மெல்லிய நெகிழ்வான பூச்சு அல்லது நாடா சுற்றுங்கள். தடிமனான பகுதியிலிருந்து மெல்லிய பகுதிக்குத் திடீரென்று மாறாமல் சரிவாக மாறும்படி மோல்டை வடிவமையுங்கள். விரிசல் விட்ட என் முதல் வார்ப்புகள் எல்லாவற்றிலும் அது கம்பியின் தீட்டாத விளிம்பிலிருந்துதான் கிளம்பியிருந்தது.

படி 7: சோதித்துப் பாருங்கள்

முதல் வார்ப்பை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அறுத்துவிடுங்கள். மேலிருந்து ஒரு துண்டு, அடியிலிருந்து ஒரு துண்டு. தண்ணீரில் மூழ்கடித்து எடைபோட்டால் அடர்த்தி தெரியும்: 1.78-ஐ விடத் தெளிவாகக் குறைந்தால் உள்ளே காற்று. பிறகு இரண்டையும் பீங்கான் குடுவையில் 550 முதல் 600 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும்வரை எரியுங்கள். ரெசின் போய்க் குவார்ட்ஸ் மட்டும் மிஞ்சும். இரண்டிலும் 59.5 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். மேலே 57, அடியில் 62 என்று வந்தால் தூள் தங்கியிருக்கிறது. துகளைப் பொடியாக்குங்கள், அல்லது உறையும் நேரத்தைக் குறையுங்கள். டிரைஹைட்ரேட் போட்டவர்கள் மிஞ்சிய சாம்பலை 0.654 ஆல் வகுத்தால்தான் போட்ட எடை கிடைக்கும். சுண்ணாம்புக்கல் என்றால் 550-ஐத் தாண்டாதீர்கள், மேலே போனால் அதுவே சிதையத் தொடங்கும்.

இன்னொரு துண்டை ஒரு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, அதன் எடை ஏற்றத்தைத் தூளில்லாத எபாக்சித் துண்டோடு ஒப்பிடுங்கள். கல் தண்ணீர் குடிக்காது, ஆகவே தூள் கலந்தது ரெசின் குறைந்த அளவுக்குக் குறைவாகத்தான் குடிக்க வேண்டும். சமமாகவோ கூடவோ குடித்திருந்தால் சிலேன் பிடிக்கவில்லை. நான்காம் படிக்குத் திரும்புங்கள்.